பழங்கடிகாரத்தின் வயதை அறிதல்

பரம்பரையாக வந்த பொற்கடிகாரத்தை விற்க முற்படும்போது நகை மதிப்பீட்டாளர் பொன்னின் எடையையே கணக்கிடுவார். அதன் வயதைக் கணக்கிடமாட்டார்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள கிளாஸ்ஹூட்டே என்னும் சிற்றூரில் 1845-இல் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே கடிகாரத் தொழிலைத் தொடங்கினார். மகன் ரிச்சர்டைப் பங்குதாரராகச் சேர்த்த 1868-இல்தான் 'ஏ. லாங்கே உண்ட் ஸோனே' என்னும் பெயர் வந்தது. அப்பெயரைத் தாங்கிய கடிகாரம் அதற்கு முந்தையதாக இருக்க இயலாது. பொற்கூட்டினுள் கதிரவனும் மகுடமும் 585 என்னும் எண்ணும் இருப்பின், அக்கூடு 1888-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானிய முத்திரைச் சட்டத்திற்குப் பிற்பட்டது. வெள்ளியாயின் கதிரவனுக்குப் பதில் பிறை காணப்படும்.

கூட்டைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கவும் கூடும். ஆதலால் இயந்திரத்தில் பொறித்த வரிசை எண்ணையே நாங்கள் பெரிதும் நம்புவோம். கூட்டின் எண்ணும் அதனோடு ஒத்திருந்தால் விலை உயரும். பெட்டகத்தில் வைக்குமுன் அவ்வெண்ணைக் குறித்து வைக்குமாறு வாடிக்கையாளர்களிடம் கூறுவதுண்டு.