வளைவு எடுக்கும் வித்தை

ஓடுகிற வண்டி, விட்டால் நேராகத்தான் போகும். அதைத் திருப்ப வேண்டுமானால் வளைவின் உட்பக்கம் நோக்கி ஒரு விசை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரயிலுக்கு அந்த விசையைத் தண்டவாளம் தருகிறது. காருக்கு அதைத் தருவது டயர்கள் தரையைக் கவ்வும் இடம் மட்டுமே. ஒரு சாதாரண காரின் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஒரு டன் எடையுள்ள வண்டி திரும்புகிறது.

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளைக்கு ஃபாஸ்ட் பாசஞ்சர் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவருக்கு இந்த விசை பழக்கமானது. அமரவிளை தாண்டி பாறசாலை வரும் வரை சாலை ஏறி இறங்கி நெளியும்போதெல்லாம் மேல்கம்பியைப் பிடித்த கை இறுகுகிறது. யாரோ வெளியே தள்ளுவதுபோல் தோன்றினாலும் தள்ளுகிறவர் யாரும் இல்லை. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் காலடியில் திரும்பிவிடுகிறது. அப்போது கை உணரும் இழுப்பைத்தான் டயர் காருக்காகச் சுமக்கிறது.

இந்த இழுப்பு எவ்வளவு வேண்டும் என்பதை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன: வேகமும், வளைவின் ஆரமும். வேகம் இரட்டித்தால் வேண்டிய விசை நான்கு மடங்காகும். ஆரம் இரட்டித்தால் விசை பாதியாகும். டயரால் தரக்கூடிய பிடிப்புக்கோ ஒரு வரம்பு உண்டு. உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் பிடிப்பு வண்டியின் எடையை ஒட்டி வரும். சூடேறிய ரேஸ் ஸ்லிக் டயர் அதைத் தாண்டும். மழைத் தண்ணீர் நின்றால் பாதியாகவும் குறையும். பிடிப்பு இவ்வளவுதான் என்றாகிவிட்டால், வளைவில் வேகத்தைக் கூட்ட ஒரே வழி ஆரத்தைப் பெரிதாக்குவது. சாலையின் வளைவை மாற்ற முடியாது, ஆனால் அந்தச் சாலைக்குள் கார் வரையும் கோட்டை மாற்றலாம். அந்தக் கோட்டைத்தான் ரேசிங் லைன் என்கிறார்கள்.

ஒரு செங்கோண வளைவை எடுத்துக்கொள்ளலாம். தடத்தின் அகலம் 10 மீட்டர், உள்விளிம்பின் ஆரம் 20 மீட்டர். தடத்தின் நடுவிலேயே போகிற கார் 25 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது. பிடிப்பு எடைக்குச் சமம் என்று வைத்தால் அதன் உச்ச வேகம் மணிக்கு 56 கி.மீ. இன்னொரு கார் வெளிவிளிம்பை ஒட்டி வந்து, வளைவின் நடுவில் உள்விளிம்பை உரசி, மறுபடி வெளிவிளிம்புக்கு அகன்று போகிறது. இரு விளிம்பிலிருந்தும் காரின் நடுப்பகுதி ஒரு மீட்டர் தள்ளியே இருந்தாலும் அது வரையும் வட்டத்தின் ஆரம் 48 மீட்டர் வந்துவிடும். அதே டயர், அதே தார், வேகம் 78 கி.மீ. உள்விளிம்பைத் தொடும் அந்தப் புள்ளிக்கு ஏபெக்ஸ் என்று பெயர்.

இதே கணக்கைக் கொண்டை ஊசி வளைவுக்குப் போட்டால் லாபம் சுருங்கிப்போகிறது. 25 மீட்டர் ஆரம் 29 ஆகிறது, வேகம் 56லிருந்து 61க்குத்தான் ஏறுகிறது. முழுதாகத் திரும்பி வர வேண்டிய இடத்தில் அகலத்தைப் பயன்படுத்தி ஆரத்தை நீட்ட அதிக இடமில்லை. ஆகவே கொண்டை ஊசியில் வேறொரு தந்திரம் தேவைப்படுகிறது, அது பின்னால் வரும்.

இந்தக் கோடு ரேஸ் தடத்துக்கு மட்டுமே உரியது. அங்கே எல்லா வண்டிகளும் ஒரே திசையில் ஓடுகின்றன, அதனால் முழு அகலமும் ஓட்டுநருக்குச் சொந்தம். இருவழிப் போக்குவரத்து ஓடும் சாலையில் இடப்பக்க வளைவுக்கு வெளிவிளிம்பிலிருந்து வருவது என்றால் எதிரே வருகிறவரின் பாதையில் ஏறுவது என்று பொருள். பாறசாலைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தின் மறைவில் திரும்பும் ஊர்ச்சாலையில் அந்தப் பக்கம் வருவது ஆட்டோவா டிப்பரா என்று திரும்பிய பிறகுதான் தெரியும்.

இந்தத் தமிழக-கேரள எல்லைக் கிராமங்களிலிருந்து எட்டிப்போகக்கூடிய ரேஸ் தடங்களில் பேர்பெற்றது கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற எளிய ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கிய எஸ். கரிவர்தனின் நினைவாக அதற்கு அந்தப் பெயர். அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார், தடம் 2003இல் திறந்தது. சென்னைக்காரர்களுக்கு முதலில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளம் இருந்தது. பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளத் தடம் வந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 1992இல் பிரான்சின் வின்ஃபீல்ட் ரேஸ் பள்ளிக்குப் போய், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பள்ளியில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் வளைவுதான். நேர்த்தடத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்க யாருக்கும் பள்ளி தேவையில்லை.

அப்படிச் சொல்லிக்கொடுப்பதில் முதலிடம் ஏபெக்ஸைத் தாமதிப்பதற்கு. மேலே போட்ட கணக்கு வளைவுக்குள் மட்டும் வேகத்தைப் பார்த்தது. பந்தயத்தின் நேரமோ வளைவு முடிந்த பிறகும் ஓடுகிறது. ஒரு வளைவில் செலவாவது மூன்று நான்கு விநாடி, அதற்கடுத்த நேர்த்தடத்தில் பத்து விநாடிக்கு மேல். வளைவிலிருந்து வெளியேறும் வேகத்தின் மேல்தான் அந்தப் பத்து விநாடி முழுவதும் கட்டப்படுகிறது. 78 கி.மீ. வேகத்தில் வெளியேறும் காரும் 83 கி.மீ. வேகத்தில் வெளியேறும் காரும் ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் விநாடிக்கு 3 மீட்டர் கூட்டிக்கொண்டே ஒரே சீராக 400 மீட்டர் ஓடுவதாக வைத்தால், இரண்டாவது கார் ஏறக்குறைய 0.27 விநாடி முன்னதாக முடிக்கும். அந்த வேகத்தில் அது 14 மீட்டர், அதாவது மூன்று கார் நீளம். ஐந்து கி.மீ. வித்தியாசத்துக்கு இவ்வளவு.

எனவே தேர்ந்த ஓட்டுநர் சரியான வட்டவில்லைக் கொஞ்சம் கெடுக்கிறார். உள்ளே நுழையும்போது வேகத்தைச் சற்று அதிகமாகவே குறைத்து, தாமதமாக, கூர்மையாகத் திருப்பி, வளைவின் நடுவைத் தாண்டிய ஓரிடத்தில் உள்விளிம்பைத் தொடுகிறார். அங்கிருந்து பாதை விரிந்துகொண்டே போவதால் ஸ்டியரிங்கை நிமிர்த்திக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதிக்க முடிகிறது. கொண்டை ஊசிக்கான தந்திரமும் இதுவே. நடுவில் பெற வழியில்லாத வேகத்தை வெளியேறும்போது பெற்றுக்கொள்வது. புதியவர் செய்வது நேர்மாறு. ஆசைப்பட்டு முன்கூட்டியே திருப்புவார், உள்விளிம்பை முன்கூட்டியே தொடுவார், தொட்ட கணம் எல்லாம் சரியாக நடப்பதுபோல் இருக்கும். பிறகு வளைவு இன்னும் பாதி மிச்சமிருக்கும், வெளிவிளிம்பின் கெர்ப் நெருங்கும், ஸ்டியரிங் இன்னும் ஒடித்தபடியே இருக்கும், காலை எடுக்க வேண்டிவரும். தவறு நடந்தது நுழைவில், தெரிவது வெளியேறும் இடத்தில்.

எல்லா வளைவுக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பதும் இதிலிருந்து வருகிறது. நீண்ட நேர்த்தடத்துக்குள் திறக்கும் வளைவே முதல் மரியாதைக்குரியது. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடத்தில், 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்த இடத்தில், மூன்றாம் வளைவு மேட்டில் ஏறித் திரும்பி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்த்தடத்தில் விடுகிறது. அங்கே வெளியேற்றத்தைக் கெடுத்தவருக்கு அந்தத் தூரம் முழுவதும் தண்டனை. இரண்டு வளைவுகள் இடமும் வலமுமாக ஒட்டி வந்தால் முதல் வளைவை வேண்டுமென்றே மோசமாக எடுத்து, இரண்டாவதற்குச் சரியான இடத்தில் போய் நிற்பதே நல்ல ஓட்டம். பார்வையாளர் மாடத்திலிருந்து பார்ப்பவருக்கு இது தயக்கம்போலத் தெரியும்.

நுழைவின் வேலை பிரேக்கில் தொடங்குகிறது. 180 கி.மீ. வேகத்திலிருந்து 78க்கு இறங்க, பிடிப்பு எடைக்குச் சமமாக இருந்தால் சுமார் 104 மீட்டர் வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 180லிருந்து 162க்கு இறங்க 24 மீட்டர் ஆகிறது, 90லிருந்து 72க்கு இறங்க 11 மீட்டர் சில்லறைதான். குறைத்தது இரண்டிலும் 18 கி.மீ.தான். அதிவேகத்தில் வரும்போது பிரேக்கின் முதல் மிதி தயங்கினால் இழப்பது மிக நீளமான மீட்டர்கள். அதனால் ரேஸ் ஓட்டுநர் தொடக்கத்திலேயே அழுத்தி மிதித்து, பிறகு தளர்த்துகிறார். சாலையில் பழகிய கால் இதற்கு எதிராக, மெல்லத் தொடங்கிக் கடைசியில் அழுத்தும். ரேஸ் பழகுகிறவர் முதலில் மறக்க வேண்டியது இதைத்தான்.

கையால் கியர் மாற்றும் கார்களில் அதே வலக்கால் இன்னொரு வேலையும் செய்கிறது. பாதத்தின் முன்பகுதி பிரேக்கை விடாமல் மிதித்திருக்க, அதன் ஓரமோ குதிகாலோ ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறது. ஹீல் அண்ட் டோ என்று இதற்குப் பெயர். கீழ் கியருக்கு வரும்போது என்ஜினின் சுழற்சி சக்கரத்தின் சுழற்சியோடு ஒத்துப்போகாவிட்டால், கிளட்சை விட்ட கணம் பின்சக்கரங்கள் வெடுக்கென்று இழுபட்டு வழுக்கும். அந்தத் தட்டு சுழற்சியை உயர்த்திச் சமன் செய்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்புபோல் கியர் நெம்பு வைத்த கார்களில் இதைக் கணினியே பார்த்துக்கொள்கிறது.

பிரேக்கை எப்போது முழுதாக விடுவது? வளைவுக்கு முன்பே முழுதும் விட்டுவிட்டுத் திருப்புவது பழைய பாடம், தொடங்குகிறவர்களுக்கு இன்றும் அதுவே பத்திரம். ஆனால் டயரின் பிடிப்பு ஒரு வட்டம்போல. அதை நீளவாக்கில் பிரேக்குக்கும் வேகமெடுப்புக்கும் செலவிடலாம், குறுக்குவாக்கில் திரும்புவதற்குச் செலவிடலாம், இரண்டையும் கலந்தும் செலவிடலாம். கலக்கும்போது கணக்கு வெறும் கழித்தல் அல்ல. பிடிப்பில் 80 விழுக்காடு பிரேக்குக்குப் போனால் திரும்ப மிச்சமிருப்பது 20 என்று தோன்றும், உண்மையில் 60 மிஞ்சும். பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம்தான் இது. இந்தச் சலுகையைப் பயன்படுத்தி, ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்கப் பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே ஏபெக்ஸ் வரை போவதற்கு டிரெயில் பிரேக்கிங் என்று பெயர். ஏபெக்ஸுக்கு அப்பால் இதன் கண்ணாடிப் பிம்பம் நடக்கிறது. ஸ்டியரிங் நிமிர நிமிர ஆக்சிலேட்டர் பெடல் கீழே இறங்குகிறது. கால் பெருவிரலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு நூல் கட்டியிருப்பதுபோல, ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும்.

பிரேக் மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, முன்டயர்கள் தரையை அழுத்திக் கவ்வுகின்றன, பின்டயர்கள் இலேசாகின்றன. ஆக்சிலேட்டர் மிதித்தால் இது தலைகீழ். பிடிப்பை இடம் மாற்றும் கருவியாகவே பெடல்களை ஓட்டுநர் கையாள வேண்டியிருக்கிறது. முன்டயர் பிடிப்பை இழந்து, ஒடித்தும் திரும்பாமல் கார் வெளியே நழுவினால் அது அண்டர்ஸ்டியர். இன்னும் ஒடிப்பதால் பயனில்லை, காலைச் சற்றுத் தளர்த்திப் பாரத்தை முன்னால் வரவிட வேண்டும். பின்டயர் இழந்து வால் வெளியே வீசினால் அது ஓவர்ஸ்டியர். வால் போகிற பக்கமே ஸ்டியரிங்கை உடனே திருப்பிப் பிடிக்க வேண்டும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பதே பல கார்கள் சுழல்வதற்குக் காரணம். பின்பக்கம் இலேசாகும் கணத்தில்தான் அதற்குப் பிடிப்பு மிக அதிகமாகத் தேவைப்பட்டிருக்கும்.

இடவப்பாதியின் முதல் மழையில் களியக்காவிளை சாலையில் பைக் வழுக்குவதற்குத் தாரில் ஊறிய எண்ணெயும் புழுதியும் காரணம். ரேஸ் தடத்தில் அந்த வேலையை ரப்பர் செய்கிறது. உலர்ந்த நாளில் ரேசிங் லைன் நெடுகத் தேய்ந்து படிந்த ரப்பர் பிடிப்பைக் கூட்டும், நனைந்தால் அதுவே கண்ணாடியாகிவிடும். அதனால் மழையில் நல்ல ஓட்டுநர்கள் வழக்கமான கோட்டை விட்டு விலகி, யாரும் ஓடாத சொரசொரப்பான தாரைத் தேடிப் போகிறார்கள். நேற்று வரை தவறாக இருந்த கோடு அன்றைக்குச் சரியாகிறது.

பைக்குக்கும் அடிப்படை இதேதான், ஆனால் அது சாய்ந்துதான் திரும்ப முடியும். மேலே சொன்ன 48 மீட்டர் ஆரத்தில் 78 கி.மீ. வேகம் என்றால் சாய்வு 45 பாகை. உலகப் போட்டிகளில் 60 பாகையையும் தாண்டுகிறார்கள். ஓட்டுநர் உடம்பை உட்பக்கம் இறக்கித் தொங்குவது, அதே வேகத்துக்கு வண்டி சாய வேண்டிய அளவைச் சற்றுக் குறைக்கத்தான். முழங்கால் தரையை உரசுவது இன்னும் எவ்வளவு சாயலாம் என்பதற்கு ஓர் அளவுகோலாகிறது.

இன்னொரு வண்டியும் பக்கத்தில் இருக்கும்போது கோடு மறுபடி மாறுகிறது. முந்த நினைப்பவர் பிரேக் பிடிக்கும் இடத்தில் உட்பக்கம் புகுந்தால், ஏபெக்ஸை அடைவது அவரே முதலில். ஆனால் உட்பக்கத்திலிருந்து நுழைந்ததால் அவருடைய வளைவு இறுக்கமாகிவிட்டது, வெளியேறும்போது அகன்று போயே தீர வேண்டும். முந்தப்பட்டவர் அனுபவசாலியானால் கதவை அடைக்கப் பார்க்காமல் வெளிப்பக்கமே நின்று, ஒரு கணம் முன்னதாக வேகத்தைக் குறைத்து, ஏபெக்ஸை இன்னும் தாமதிப்பார். முன்னவர் வெளிவிளிம்பை நோக்கி நழுவும்போது இவருடைய ஸ்டியரிங் ஏற்கெனவே நிமிர்ந்திருக்கும், கால் முழுதாக மிதித்திருக்கும். அடுத்த நேர்த்தடத்தின் பாதி தூரத்தில், உட்பக்கமாக, இழந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.