ஒரே படிகத்தில் ஒரு பிளேடு

2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் தேஜஸ் போர் விமானம் முதன்முறையாகப் பறந்தது. அதைத் தூக்கிச் சென்றது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்த எஃப்-404 இன்ஜின். தேஜஸுக்கென்றே 1989-இல் அனுமதி பெற்ற காவேரி இன்ஜின் அப்போதும் சோதனை மேடையை விட்டு இறங்கவில்லை. 2008-இல் அதைத் தேஜஸ் திட்டத்திலிருந்தே பிரித்துவிட்டார்கள்.

விமானத்தையே வடிவமைத்தவர்களுக்கு இன்ஜின் மட்டும் ஏன் இவ்வளவு கடினமாயிற்று? நிதி, நிர்வாகம், தாமதம் என்று காரணங்கள் பல சொல்லப்படுவதுண்டு. அவற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய பெரிய முடிச்சு ஒன்று உலோகத்தில் இருக்கிறது. உயர் அழுத்த டர்பைனில் வரிசையாகப் பொருத்தப்படும் பிளேடுதான் அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. அதைச் சொந்தமாக வடித்து, வார்த்து, எரியும் இன்ஜினுக்குள் நம்பி வைக்கக்கூடிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பிளேடு இருக்கும் இடம் அப்படி. எரியறையிலிருந்து வெளிவரும் வாயு 1,500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பிளேடு செய்யப்படும் நிக்கல் உலோகக்கலவையோ 1,300 முதல் 1,400 டிகிரிக்குள் உருகிவிடும். அதாவது தன்னை உருக்கக்கூடிய காற்றுக்குள் நின்றுகொண்டு, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் அது சுழலவேண்டும். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிளேடையும் வெளியே பிடுங்க முயலும் விசை பல டன் எடைக்குச் சமம்.

சாதாரணமாக வார்த்த உலோகம் எண்ணற்ற சிறு படிகங்களின் கூட்டம். அறை வெப்பத்தில் இது ஒரு குறையே அல்ல. கடும் சூட்டில் இழுவிசை நீடிக்கும்போதுதான் படிகங்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகள் மெல்ல வழுக்கத் தொடங்குகின்றன. பிளேடு மயிரிழை மயிரிழையாக நீள்கிறது. எல்லைகளில் விரிசல் பிறக்கிறது. அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் பிரான்சிஸ் வெர்ஸ்னைடரும் அவரது சகாக்களும் 1960-களில் இதற்கு வழி கண்டார்கள். முதலில் படிகங்கள் அனைத்தும் பிளேடின் நீளவாக்கில் மட்டும் வளரும்படி செய்தார்கள். பிறகு இன்னும் ஒரு படி மேலே போய், முழுப் பிளேடையும் ஒரே படிகமாக வளர்த்தார்கள். எல்லையே இல்லாதபோது வழுக்க என்ன இருக்கிறது? 1982-இல் அவர்களது ஜேடி9டி இன்ஜினின் ஒரு வகையில் ஒற்றைப் படிகப் பிளேடுகள் பயணிகள் விமானச் சேவைக்கு வந்தன.

செய்முறையின் தொடக்கம் சுவாமிமலை ஸ்தபதிகளுக்குப் புதிதல்ல. மெழுகில் உரு செய்து, மேலே பூச்சுப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் அதே முறைதான். இங்கே மண்ணுக்குப் பதில் செராமிக் குழம்பு. மெழுகுக்குள்ளேயே ஒரு மெல்லிய செராமிக் கருவும் வைக்கப்படுகிறது. பின்னால் பிளேடுக்குள் குளிர்காற்று ஓடப்போகும் வளைந்த வழிகளின் வடிவம் அது.

வித்தியாசம் ஊற்றிய பிறகுதான் தொடங்குகிறது. வெற்றிட உலைக்குள், தண்ணீரால் குளிர்விக்கப்படும் செப்புத் தட்டின் மேல் அச்சு நிற்கிறது. அடியில் உலோகம் உறையத் தொடங்கியதும் பல படிகங்கள் போட்டி போட்டுக்கொண்டு மேலே கிளம்புகின்றன. அவை போகவேண்டிய வழியில் சுருள் சுருளாக வளைந்த குறுகலான ஒரு பாதை இருக்கிறது. அந்தத் திருப்பங்களைக் கடந்து ஒரே ஒரு படிகம் மட்டும் வெளியே வருகிறது. பிளேடு முழுவதையும் நிரப்புவது அதுதான். அச்சை உலையின் சூடான பகுதியிலிருந்து நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் கணக்கில் கீழே இறக்குகிறார்கள். வேகமோ வெப்பமோ சற்றுப் பிசகினால் ஓரத்தில் வேறொரு படிகம் முளைத்துவிடும். அந்தப் பிளேடைக் கழிக்க வேண்டியதுதான். தேறியவற்றில் செராமிக் கருவைக் காரத்தில் கரைத்தெடுத்து, வெப்பப் பதம் கொடுத்து, மயிர்த்துளைகள் போட்டு, வெப்பத்தைத் தடுக்கும் சிர்கோனியா பூச்சு ஏற்றுகிறார்கள்.

இந்தக் கொள்கை பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகியும் வெகுகாலமாகிறது. ஆனால் எந்தக் குழம்பை எத்தனை அடுக்கு பூசுவது, எந்த இடத்தில் எவ்வளவு சூடு வைப்பது, நூறு வார்த்தால் எத்தனை தேறவேண்டும் என்பவையெல்லாம் உலையடியில் பல வருடம் நின்றவர்களிடம்தான் இருக்கின்றன. ராணுவத் தொழில்நுட்ப ஒப்பந்தங்களில் எல்லா நாடுகளும் கடைசிவரை இறுக்கிப் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் இந்த அறிவைப் பல ஆண்டுகளாகத் தானே தேடிச் சேர்த்தது. 2021 ஏப்ரலில், உள்நாட்டு ஹெலிகாப்டர் திட்டத்தின் இன்ஜினுக்காக 60 ஒற்றைப் படிகப் பிளேடுகளை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (ஹெச்ஏஎல்) நிறுவனத்திடம் அது ஒப்படைத்தது. 1,500 டிகிரிக்கு மேல் சூடான, உருகிய உலோகத்தின் அழுத்தத்தைத் தாங்கும் அச்சுகளையும் கருக்களையும் அங்கேயே உருவாக்கியிருந்தார்கள். அடுத்த மாதமே இன்னொரு செய்தி: எளிதில் வளைந்துகொடுக்காத டைட்டானியம் கலவையை 2,000 டன் அழுத்த இயந்திரத்தில் வைத்து, அச்சையும் ஏறக்குறைய உலோகத்தின் சூட்டிலேயே நிறுத்தி, ஜாகுவார், ஹாக் விமானங்களின் அடூர் இன்ஜினுக்கான கம்ப்ரஸர் தட்டுகளை அழுத்தி உருவாக்கும் முறை கைகூடியிருந்தது. பொதுத்துறை நிறுவனமான மிதானியோடு சேர்ந்து 200 தட்டுகள் செய்து கொடுத்தார்கள். இத்தகைய செய்திகள் நாளிதழ்களில் ஏவுகணைச் சோதனைக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெறாதது வருத்தம்தான்.

ஏனென்றால் சொந்த இன்ஜின் இல்லாத இந்த இடைவெளிக்குக் கொடுக்கும் விலை பெரிது. தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்காக 2021-இல் 99 எஃப்-404 இன்ஜின்கள் கேட்கப்பட்டன. முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். இன்னும் வலிமையான எஃப்-414 இன்ஜினை இந்தியாவில் செய்ய 2023 ஜூனில் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் ஹெச்ஏஎல்லும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. காவேரியும் முடிந்துபோகவில்லை. பின்னெரிப்பான் இல்லாத அதன் வடிவம், ஆளில்லா விமானத்துக்காகத் தொடர்ந்து உருவாக்கப்படுகிறது. ஆனால் 2010-இல் ரஷ்யாவின் ஐஎல்-76 விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்டதுபோல, உயரத்தில் இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அது இன்னும் ரஷ்யாவுக்கே போய்வருகிறது. ஹைதராபாத் உலைகளுக்கு இணையாக இந்தியா தனக்கென்று உடனடியாகக் கட்டவேண்டியது, உயரத்தில் இன்ஜின் நடந்துகொள்ளும் விதத்தைச் சோதிக்கும் ஒரு கூடத்தைத்தான்.