வாக்குறுதியும் வழக்கும்

ஒருவர் கூறிய சொல்லுக்குச் சாட்சி உண்டு. எழுதியதைக் கடிதம் காட்டும். மனத்திற் கொண்ட கருத்துக்குச் சாட்சி யார்? ஒப்பந்த வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் அடிக்கடி எதிர்நோக்கும் வினா இது. ஆங்கிலச் சட்டம் இதற்குக் கண்ட விடையை அறிய, இலங்கையோடு தொடர்புடைய வழக்கொன்று பெரிதும் உதவும்.

பால்பர் என்னும் ஆங்கிலேய எந்திரி, இலங்கை அரசாங்கத்தின் நீர்ப்பாசனப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர். 1915ஆம் ஆண்டில் விடுமுறை பெற்று மனைவியுடன் இங்கிலாந்து சென்றார். விடுமுறை முடிவுற்றபோது மனைவி மூட்டுவாதத்தால் வருந்திக்கொண்டிருந்தார். இலங்கையின் வெப்பம் அவருக்கு ஒவ்வாது, இங்கேயே தங்கவேண்டும் என்றார் வைத்தியர். 1916ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கப்பலேறும் வேளையில், மாதந்தோறும் 30 பவுண் தருவதாகக் கணவர் வாக்களித்தார். அன்று இருவருக்குமிடையே பிணக்கில்லை. பின்னர், பிரிந்திருத்தலே நலம் என்று கணவர் கடிதம் எழுதினார். வாக்களித்த பணத்தைக் கோரி 1918இல் மனைவி வழக்குத் தொடுத்தார்.

முதலில் விசாரித்த நீதிபதி மனைவிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1919இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. கணவர் பொய் சொன்னார் என்று மன்றம் கூறவில்லை. பணங்கொடுக்கும் விருப்பம் அன்று அவருக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால், கொடுக்கத் தவறினால் நீதிமன்றத்தில் விடையிறுக்கவும் உடன்பட்டாரா? இவ்விரண்டும் வெவ்வேறு. மணமக்கள் நாள்தோறும் செய்துகொள்ளும் ஏற்பாடுகளெல்லாம் வழக்காகுமாயின், சிறு நீதிமன்றங்களை நூறு மடங்கு பெருக்க வேண்டிவரும் என்றார் நீதியரசர் அற்கின். மற்றைய இருவரும், மனைவி கைம்மாறாக எதுவும் தரவில்லை என்பதையும் வற்புறுத்தினர்.

நோயுற்றுக் கடல் கடந்து தனித்து நின்ற ஒரு பெண்ணின் வாழ்க்கைச் செலவை, அன்றாட வீட்டுக் கணக்கோடு ஒன்றாக எண்ணியது சற்றுக் கடுமையே. வேறொரு வழக்கில் அவருக்கு முன்னரே ஜீவனாம்சக் கட்டளை கிடைத்திருந்தது என்பது ஓர் ஆறுதல்.

அரை நூற்றாண்டின் பின், 1970இல், அதே மேன்முறையீட்டு நீதிமன்றம் மெரிற் என்பாரின் வழக்கைக் கேட்டது. இங்கே கணவர் வேறொரு பெண்ணுடன் வாழச் சென்றுவிட்டார். மோட்டார் வண்டியில் அமர்ந்து இருவரும் பேசினர். மாதம் 40 பவுண் தருவதாகவும், மனைவி ஈட்டுக்கடனைத் தீர்த்ததும் வீட்டை அவர் பேருக்கே எழுதுவதாகவும் கணவர் ஒப்புக்கொண்டார். எழுதித் தரும்வரை வண்டியைவிட்டு இறங்க மனைவி மறுத்தார். கணவரும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். கடன் தீர்ந்தபின் அவர் வீட்டை எழுதிக்கொடுக்க மறுக்கவே, பால்பர் வழக்கை அவர் தரப்பினர் எடுத்துக் காட்டினர். அது பயன்படவில்லை. கூடி வாழ்வோர் அன்பை நம்புவர். பிரிந்தோர் நம்புவது எழுத்தையே. நீதிமன்றம் மனத்துள் நுழைந்து பார்ப்பதில்லை, சூழ்நிலையை நோக்கி, நியாயமுள்ள மனிதர் இதனைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையென்று கருதுவரா என்றே கேட்கும் என்று டெனிங் பிரபு விளக்கினார். வீடு மனைவிக்கே உரியதாயிற்று.

வணிகரிடையே நிலைமை இதற்கு நேர்மாறானது. கட்டுப்படும் கருத்து உண்டென்றே மன்றம் முதலிற் கொள்ளும். இல்லையென்போரே அதனை நிறுவவேண்டும்.

பால்பர் பணிபுரிந்த இலங்கையிலோ, ஒப்பந்தங்களுக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். கைம்மாறு இல்லையென்பதற்காக அது வாக்குறுதியைத் தள்ளிவிடுவதில்லை. கட்டுப்படும் மெய்யான கருத்து இருந்ததா என்பதை அதுவும் கேட்கும். ஆகவே, அந்த அம்மையாரின் கோரிக்கையை அச்சட்டத்தின்படி ஆராய்ந்திருந்தால், இரு நீதிபதிகள் எடுத்துக்காட்டிய கைம்மாற்றுக் குறை தடையாகியிராது. அற்கின் எழுப்பிய வினா மட்டுமே எஞ்சியிருக்கும்.