கொதிக்கிற தண்ணீரெல்லாம் ஒரே சூடல்ல

கறுப்புத் தேயிலையின் சாரம் முழுதாக இறங்க, தண்ணீர் தளதளவென்று கொதித்த உடனேயே தூளில் விழ வேண்டும். ஆறிய நீரில் நல்ல தூளை வீணாக்குவது பாவம். கடல் மட்டத்தில் அந்தக் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலோ காற்றழுத்தம் குறைவு; ஏறக்குறைய 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அடுப்பைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடாதா? ஆகாது. திறந்த பாத்திரத்தில் கூடுதல் தீ ஆவியைத்தான் பெருக்கும், சூட்டை ஏற்றாது. அங்கே கைகொடுப்பது நேரம்தான்: மூடி போட்டு இன்னும் ஓரிரு நிமிடம் ஊற விடுங்கள். கசந்துவிடுமே என்பார்கள். கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் சூடு குறையக் குறைய மெதுவாகவே கரையும். அதனால் அந்தக் கூடுதல் நிமிடத்துக்கு அஞ்ச வேண்டாம். பச்சைத் தேயிலைக்கு இந்தக் கவலையே இல்லை; அதற்கு 80 டிகிரியே போதும்.