பாட்டி கண்ணில் பட்ட டால்பின்

கம்போங் ராஜாவில் வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு நாள் வந்துபோகும் விஷயம். ஊரோ ஆயிரம் மீட்டருக்கும் மேலே. சன்னலைத் திறந்தால் தேயிலை, அதைத் தாண்டினால் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள், அதற்கும் மேல் மூடுபனி. "டால்பின், திமிங்கிலம் எல்லாம் நேரில் பார்க்க வேண்டும்" என்று நான் வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். "அதுக்கு நீ ஆஸ்திரேலியாவுக்குத்தான் போகணும்."

திமிங்கிலத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பாதி உண்மை. டால்பின் கதை வேறு. எங்கள் ஊரிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி, தைப்பிங்கைத் தொட்டு மேற்கே போனால் கோல செப்பேத்தாங் வந்துவிடும். மூன்று மணி நேரப் பயணம். அதைச் சுற்றியுள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ளது. அந்த ஆறுகள் கடலில் கலக்கும் இடத்தில் மூன்று வகை உயிரினங்கள் வாழ்கின்றன. ஒன்று இந்தோ-பசிபிக் கூனல் டால்பின். இரண்டாவது ஐராவதி டால்பின். மூன்றாவது, முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றி. உலக அளவில் 'முக்கியக் கடல் பாலூட்டிப் பகுதி' என்று அடையாளம் காணப்பட்ட இடங்களில் மாத்தாங்கும் ஒன்று. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரிந்தது.

முதல் முறை நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து போனோம். கரி சூளை, கழுகுக்குத் தீனி, டால்பின் என்று எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் காட்டும் படகு அது. ஆற்று முகத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் உருண்டைத் தலை ஒன்று எழுந்தது. மூக்கு நீட்டிக்கொண்டிருக்கவில்லை, முதுகில் சின்னத் துடுப்பு. ஐராவதி டால்பின். பக்கத்தில் அதைவிடச் சிறியது ஒன்று. நாங்கள் எல்லாரும் கத்தினோம். "கிட்டப் போங்க, இன்னும் கிட்டப் போங்க" என்று படகுக்காரரை அவசரப்படுத்தியது நான்தான். அவர் விசையைக் கூட்டினார். இரண்டும் மூழ்கின. அடுத்த அரை மணி நேரம் நாங்கள் வட்டமடித்ததுதான் மிச்சம். என் கைப்பேசியில் பதிந்த பதினெட்டுப் படங்களிலும் தண்ணீர் மட்டுமே இருந்தது.

அன்று இரவு படிக்க உட்கார்ந்தபோதுதான் நான் செய்தது உறைத்தது. ஆற்று முகத்துத் தண்ணீர் சேறாகக் கலங்கியது. அங்கே கண் அதிகம் உதவாது. டால்பின் ஒலியை எழுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டுதான் மீனைத் தேடும்; குட்டி எங்கே என்று தெரிந்துகொள்வதும் ஒலியால்தான். அதன் தலைக்கு மேல் என்ஜினை அலறவிடுவது, இருட்டில் நடப்பவர் கையிலிருந்து விளக்கைப் பிடுங்குவது போல. அது மீனும் இல்லை. மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். துரத்தினால் அந்த மூச்சையும் குறைத்துக்கொண்டு ஓடும். ஆஸ்திரேலிய வழிகாட்டி விதிகளின்படி படகு டால்பினுக்கு 50 மீட்டருக்குள்ளும் திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள்ளும் நெருங்கக் கூடாது. குட்டி இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் வந்த 1999ஆம் ஆண்டு விதிமுறைகள் டால்பின், திமிங்கிலம், ஆவுளியா ஆகியவற்றைப் பாதுகாக்கின்றன. ஆனால் பத்து மீட்டரில் நின்று படம் எடுக்க ஆசைப்படும் பயணிதான் படகுக்காரரின் வருமானம். ஆக, அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஐராவதி டால்பின் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனம். (பெயர் பர்மா ஆற்றுடையது என்றாலும், அறிவியல் உலகுக்கு அதை அறிமுகப்படுத்திய முதல் மாதிரி 1852இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்தது.) கரையோரத்திலேயே வாழ்வதால் மனிதர்கள் செய்யும் எல்லாமே முதலில் அதன் தலையில்தான் விடிகிறது. இவற்றில் மிகப் பெரிய ஆபத்து மீன் வலை. வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் சாகும்.

நம் நாட்டில் இவற்றைப் பற்றி இவ்வளவு தெரிந்திருப்பதற்கு டாக்டர் லூயிசா பொன்னம்பலம் முக்கியக் காரணம். அவர் இணைந்து தொடங்கிய மாரேசெட் அமைப்பு லங்காவியிலும் மாத்தாங்கிலும் ஆய்வு செய்கிறது. ஆய்வு என்றவுடன் பெரிய கருவிகளை நினைக்க வேண்டாம். முதுகுத் துடுப்பைப் படம் பிடிப்பார்கள். அதில் உள்ள வெட்டு, தழும்பு, கீறல் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அந்த அடையாளத்தை வைத்து இது யார், எந்த மாதம் எங்கே இருந்தது, யாரோடு திரிந்தது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைப்பார்கள்.

படகே வேண்டாம், கரையில் நின்றே பார்க்கலாம் என்றால் நான் முதலில் சொல்லும் இடம் இலங்கையின் திருகோணமலை. கோணேஸ்வரம் கோயில் நிற்கும் சுவாமி மலைப்பாறையிலிருந்து, ஆண்டின் சில மாதங்களில் நீலத் திமிங்கிலம் பீய்ச்சும் மூச்சுத்தூவானத்தைப் பார்க்க முடியும். உலகின் மிகப் பெரிய உயிரினத்தைக் கோயில் வாசலிலிருந்து! கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே ஆழமாக இறங்குவதுதான் காரணம். ஆழ்கடல் உயிரினம் கரை வரைக்கும் வர முடிகிறது. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகு அங்கே வேலை செய்த பிறகுதான் வெளியுலகம் அந்தக் கடலைக் கவனித்தது. கரையிலிருந்து பார்ப்பதில் எனக்குப் பிடித்த விஷயம், நாம் அங்கே நிற்பது திமிங்கிலத்துக்குத் தெரியவே தெரியாது என்பதுதான்.

மாத்தாங்கில் அது நடக்காது. கரை முழுவதும் சேறும் பாக்காவ் மரங்களும். படகுதான் வழி.

ஆகவே இரண்டாம் முறையும் படகில் போனேன். இந்தத் தடவை என்னோடு வந்தவர் பாட்டி. வயது எழுபத்தொன்று. கையால் கொழுந்து கிள்ளிய காலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலை மலையில் நின்றவர். கடலை அதற்கு முன் மூன்று முறைதான் பார்த்திருக்கிறார். காற்று இல்லாத காலை நேரம் பார்த்துக் கிளம்பினோம்; அலை நுரைத்தால் துடுப்பு எது, நுரை எது என்று தெரியாது. ஆற்று முகத்தில் சேற்று நீரும் கடல் நீரும் கோடு போட்டதுபோல் பிரியும் இடத்தில், என்ஜினை அணைத்துவிட முடியுமா என்று படகுக்காரரிடம் மலாயில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தனக்கு எண்ணெய் மிச்சம் என்று அணைத்தார்.

இருபது நிமிடம் ஒன்றுமில்லை. நான் தொலைநோக்கியை இடம் வலமாக ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"தேடாதே தம்பி" என்றார் பாட்டி. "கொழுந்தைத் தேடினா கண்ணு வலிக்கும். அப்படியே பரவலா பார்த்துக்கிட்டே இரு. எது வித்தியாசமா இருக்கோ அது தானா தெரியும்."

பயிற்சி பெற்ற பார்வையாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிறகு படித்தேன். கண்ணைத் தளர்த்தி, நீர்ப்பரப்பு முழுவதையும் நிதானமாக வருடிப் பார்ப்பது.

"அங்க ஏதோ ரோஸ் கலர்ல..." பாட்டி கை நீட்டினார். நான் திரும்புவதற்குள் மறைந்தது. பிறகு 'புஸ்' என்று ஒரு மூச்சு, குக்கர் விசில் அடங்குவதுபோல். மூன்று கூனல் டால்பின்கள். பெரியது இளஞ்சிவப்பு, இன்னொன்று திட்டுத் திட்டாக, மூன்றாவது கருஞ்சாம்பல் குட்டி. பிறக்கும்போது சாம்பலாக இருந்து வயதாக ஆக வெளுத்துச் சிவக்கும் இனம் அது. நாங்கள் அசையவில்லை. அவையாகவே எங்கள் பக்கம் வந்தன. படகுக்கு இருபது மீட்டர் தூரத்தில் குட்டி ஒருமுறை புரண்டது. படகுக்காரரும் எழுந்து நின்று பார்த்தார். எத்தனையோ தடவை இவற்றைக் கண்டிருந்தும், மூச்சுச் சத்தத்தை இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை என்றார்.

திரும்பும் வழியில் பாட்டி கேட்டார்: "நம்ம ஊரு தண்ணி இங்கதான் வருதா?" நல்ல கேள்வி. எங்கள் பக்கத்து ஓடைகள் கலக்கும் தெலோம் ஆறு, இயல்பாகப் பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியது. 1960களில் நீர்மின் திட்டத்துக்காக அதில் ஒரு பகுதியைச் சுரங்கம் வழியாகப் பெர்தாம் ஆற்றுக்கும், அங்கிருந்து ரிங்லெட் ஏரிக்கும், பிறகு மலையைக் குடைந்து பேராக் பக்கமும் திருப்பிவிட்டார்கள். மாத்தாங் முகத்துக்கு வராவிட்டாலும், தெற்கே பேராக் ஆற்றின் வழியாக இதே மலாக்கா நீரிணையில்தான் அது சேர்கிறது. ரிங்லெட் ஏரியில் எவ்வளவு மண்ணும் குப்பையும் சேர்கின்றன என்று கேமரன் மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை.

கோல செப்பேத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885இல் மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்தது. ரயில் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, தமிழ் எழுத்தோடு. பாட்டி அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

காரில் ஏறியதும் என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். நேரம் 9.40, கூனல் டால்பின் 3, குட்டி 1, திசை தெற்கு, என்ஜின் அணைக்கப்பட்டிருந்தது என்று எழுதியிருந்தேன். "முதல்ல பார்த்தது யாருன்னு போடலையே?" என்றார். போட்டுக் கொடுத்தேன்.