தேய்ந்த டயரும் தந்தையின் பொறுப்பும்

திருத்தணியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த 1888ஆம் ஆண்டிலேயே, பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் மலையடிவாரத் தெருக்களில் தந்தையர் தம் பிள்ளைகளை மிதிவண்டியில் ஏற்றிச் செல்வது அத்தகைய டயர்களை நம்பியே.

டயருக்கும் ஆயுள் உண்டு. பொதுவாக 3,000 முதல் 5,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். நாள்தோறும் 10 கிலோமீட்டர் செல்வோருக்கு ஏறத்தாழ ஓராண்டு. மிகுந்த பாரம் தாங்கும் பின் டயரே முதலில் தேயும். காற்றுக் குறைவும் கடும் வெயிலும் ஆயுளைக் குறைக்கும்.

பட்டன் மழுங்கி நூல் தெரிந்தாலோ, பக்கத்தில் வெடிப்போ வீக்கமோ கண்டாலோ உடனே மாற்றுவோமாக. உள்ளே துண்டு டயர் வைத்துக் காலந்தள்ளுவது சிக்கனமன்று. கடவுள் நம்மிடம் ஒப்படைத்த உயிரைப் பணயம் வைப்பதாகும். ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன் இரு சக்கரங்களையும் ஒருமுறை சுழற்றிப் பார்ப்போம்.