வாய்ச்சி பிடித்த கையும் உருளை பிடிக்கும் கையும்

மாத்தளை மாவட்டத்து உக்குவளையில் கடல் இல்லை. மகாவலித் தண்ணீர் இருக்கிறது. பொல்கொல்லையில் மறித்த ஆறு, மலையைக் குடைந்த சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் வந்து, 1976 முதல் எங்கள் மின்நிலையத்துச் சுழலிகளைச் சுழற்றிவிட்டு சுது கங்கையில் இறங்குகிறது. நீரோடு இந்த ஊருக்கு அவ்வளவுதான் உறவு என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். ஆனால் எல்கடுவைப் பக்கம் மலையேறினால், அங்குள்ள தோட்டக் குடும்பங்களின் கதை ஒரு படகிலிருந்துதான் தொடங்குகிறது. கோப்பிக் காலத்தில் பூட்டனும் பூட்டியும் இராமேஸ்வரக் கரையோரம் வள்ளம் ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். நடந்த பாதையைப் பற்றி எங்கள் வீடுகளில் நிறையப் பேசுவார்கள். ஏறி வந்த வள்ளத்தைக் கட்டியது யார், அந்த வேலையை அவர் எப்படிப் பழகினார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

கட்டியவரை ஓடாவி என்பார்கள். யாழ்ப்பாணக் கரையில் அது மரியாதையான சொல்; ஓடாவியார் என்றுதான் அழைப்பார்கள். வல்வெட்டித்துறை ஓடாவிமார் காகிதத்தில் படம் போட்டுக் கப்பல் கட்டியவர்கள் அல்லர். கணக்கு முழுவதும் நூலிலும் கண்ணிலும் இருந்தது. வேலை பழக வந்த பையனுக்கு ஆரம்பத்தில் மரம் செதுக்கும் வாய்ச்சியைத் தொட அனுமதியில்லை. செதுக்கிய சிராய்களைக் கூட்டுவான், தண்ணீர் எடுத்து வருவான், குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சும் அடுப்புக்குக் காவல் இருப்பான். அதன் பிறகுதான் கலப்பற்று. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பொருத்தில் பஞ்சைத் திரித்து உளியால் அடித்து இறுக்கும் வேலை அது. ஓர் இடத்தில் அடி தளர்ந்தால் நடுக்கடலில் தண்ணீர் அந்த இடத்தைத் தேடி வரும். ஆகவே பையனின் அடியை ஓடாவியார் காதால் சோதிப்பார். இறுகிய பொருத்து ஒரு விதமாகச் சத்தம் போடும், இறுகாதது வேறு விதமாகப் போடும்.

மரத்தைத் தெரிவு செய்வதுதான் இந்த வேலையின் உச்சம் என்பது என் எண்ணம். கப்பலின் விலா எலும்புகளான வங்குகளுக்கு நேர்மரம் உதவாது. நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, பாரம் ஏறும்போது பிளந்துவிடும். எனவே வளர்ந்தபோதே வளைந்து வளர்ந்த வேம்பின் கவரையோ பூவரசின் கிளையையோ தேடி ஊர் ஊராக நடப்பார்கள். பையனும் பின்னால் நடப்பான். மரம் நிற்கையிலேயே அதற்குள் இருக்கும் வங்கைக் கண்டு சொல்லும் நாளில்தான் அவன் தொழிலுக்குள் வந்துவிட்டான் என்று அர்த்தம். எத்தனை வருடம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

அப்படிப் பழகியவர்களின் கைவேலைக்குச் சாட்சியாக ஒரு கப்பல் இருந்தது. வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி, 89 அடி நீளம். சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் அதை வாங்கி, தன் மனைவி பெயரால் ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் வழியாக ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். வாங்கியவரும் மரக்கப்பல் அறிந்தவர். இப்ஸ்விச் ஊரில் கப்பல் கட்டும் தளம் நடத்தியவர். ஏட்டில் ஒரு கோடும் வரையாமல் கட்டிய கப்பலை அப்படிப்பட்ட ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனாலும் அந்தப் பெருமையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓடாவியாரின் வேலைக் கொட்டிலுக்குள் மகனும் மருமகனும் போகலாம், தெரிந்த வீட்டுப் பிள்ளையும் போகலாம். உக்குவளைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பையன் போக வழியே இல்லை. யாரும் தடுத்தார்கள் என்று சொல்லவில்லை. தொழில் இரத்த உறவின் வழியாகவும் அறிமுகத்தின் வழியாகவும் மட்டுமே நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வழி பிறகு வேறு பக்கம் திரும்பியது. நோர்வேயில் குடியேறிய அந்தோனி இராஜேந்திரம் அந்நாட்டு நண்பர்களோடு தொடங்கிய சீநோர் நிறுவனம், காரைநகரில் 1967 முதல் படகுத் தளத்தையும், குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நடத்தியது. கண்ணாடியிழைப் படகு நாடெங்கும் பரவியது. 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் தேசியப் பயிலுனர் சட்டம், தொழில் பழகுவதை அரசின் பொறுப்பாக்கியது. இன்று நாம் நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை அந்த வழியில் வந்தது. 1974இல் கப்பல் கட்டும் தளமான கொழும்பு டொக்யார்ட் கம்பனியானது. கதவு திறந்துவிட்டது என்று ஏடுகள் சொல்லும். எங்கள் மலைக்கு அது உடனே திறக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரச வேலை இல்லை. மீதமிருந்தவர்களுக்கு அந்த உரிமை 2003இல்தான் சட்டமாகக் கிடைத்தது. இடைப்பட்ட தலைமுறையின் கைகளில் எத்தனை கப்பல்கள் கட்டப்படாமல் போயின என்று நான் வருந்துவதுண்டு.

இன்று பழகும் முறையே வேறு. கண்ணாடியிழைத் தளத்தில் அச்சுக்கு மெழுகு பூசி, ஜெல்கோட் என்னும் மேற்பூச்சை அடித்து, இழைப்பாயை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். பயிலுனர் முதலில் கற்பது கலவை. கடினமாக்கியை நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில்தான் சேர்ப்பார்கள். கூடினால் ரெசின் கொதித்து வெடிப்பு விடும், குறைந்தால் இறுகாமல் பிசுபிசுக்கும். வெயிலும் ஈரமும் மாறும்போது அளவும் மாறும். பஞ்சு அடித்த சத்தத்தைக் கேட்ட காதுக்கு ஈடாக இப்போது தராசும் வெப்பமானியும் இருக்கின்றன. மூக்கை மூடும் முகக்கவசம் கட்டாயம் வேண்டும். ரெசினின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. உருக்குக் கப்பல் கட்டும் தளத்திலோ பயிலுனருக்குத் தகடும் வெல்டிங்கும்தான் உலகம். கிடையாக, நிமிர்ந்து, தலைக்கு மேலே என்று ஒவ்வொரு நிலையிலும் பற்றவைத்துக் காட்டி, தேறியதற்கு என்.வி.கியூ. என்னும் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் வாங்குகிறார். ஏழு மட்டங்கள் கொண்ட ஏணி அது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பது பையனுக்கும் தெரியும், வீட்டில் காத்திருக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

இழப்பு இல்லையென்று சொல்ல மாட்டேன். முன்பு பழகியவன் முழுக் கப்பலையும் அறிந்தான். இப்போது ஒருவர் ஒரு பங்கை மட்டுமே அறிகிறார். மரத்துக்குள் வங்கைக் கண்ட கண்ணை எந்தச் சான்றிதழும் திருப்பித் தராது. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், லயத்துப் பையனும் நுழைய முடிகிற வாசலையே நான் தேர்ந்தெடுப்பேன். அந்த வாசலில் இன்னும் ஒரு படி உயரமாக இருக்கிறது. பயிற்சிக்குப் போன எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் சொன்ன குறை மொழி பற்றியதுதான். ரெசின் அளவையும் பாதுகாப்பு விதியையும் தாய்மொழியில் படிக்கக் கிடைத்தால் போதும், மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். வேலையிடத்தில் கை போனால் திரும்பி வராது என்பதால் இதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை.

மாத்தளைப் பாதையில் ரயில் 1880 முதல் ஓடுகிறது. கறுவாவும் மிளகும் மூட்டையாகப் போன நிலையத்தில், பயிற்சிக்குப் போகும் பையன்கள் தோளில் பையோடு நிற்கிறார்கள். சுது கங்கையோ அதே நேரம் கீழே ஓடுகிறது. அம்பன் கங்கையில் கலந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. அங்கே வலை போடுபவர்கள் பக்கமிதவை கட்டிய சிறு கண்ணாடியிழை ஓடங்களில் போகிறார்கள். அடிப்பக்கம் வெடித்தால் கரையில் கவிழ்த்து வைத்து, ஒரு சாண் இழைப்பாயும் கொஞ்சம் ரெசினும் கொண்டு ஒட்டுகிறார்கள். மறுநாள் காலை ஓடம் தண்ணீரில் இறங்குகிறது.